மூடக் கூடாத புட்டி

ஷ்பயரில் இறங்கியபோது மழை விட்டு
அரைமணி ஆகியிருக்கலாம்.
தேவாலயத்துக்கு வழி கேட்கத் தேவையில்லை.
எந்தத் தெருவில் நிமிர்ந்தாலும்
நான்கு கோபுரத்தில் ஒன்றாவது தெரிந்துவிடுகிறது.

சந்தையில் குட்ரூன் என்பவள்
(பெயரை மேலங்கியில் தைத்திருந்தாள்)
கலங்கிய மஞ்சளில் ஒரு புட்டியை நீட்டினாள்.
இந்த வருடத்துத் திராட்சை.
பறித்துப் பத்து நாள்.
பதநீர் என்றும் சொல்ல முடியாது, கள் என்றும் முடியாது,
அந்த இரண்டுங்கெட்டான் வயது.
மூடி ஒப்புக்குத்தான் இருந்தது.
"திருகாதே. படுக்கவைக்காதே.
உள்ளே இன்னும் பேச்சு முடியவில்லை."
மூன்று யூரோ எழுபது.
வெங்காய அடை ஒரு துண்டு, தனிக் காசு.

தேவாலயத்துக்கு முன்னால் கல்லில் ஒரு பெருங்கிண்ணம்.
புது ஆயர் பதவியேற்கும் நாளில்
விளிம்புவரை மது ஊற்றுவார்களாம், ஊரே மொள்ளுமாம்.
துரத்தப்பட்டவன் இதைத் தாண்டிவிட்டால்
நகரத்துச் சேவகன் கை அப்புறம் நீளாதாம்.
இன்று அதில் மழைத் தண்ணீர், நான்கைந்து இலை,
யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைக் கையுறை.

வாசற்காவலர் ஹின்னெர்க்
வடகடல் பக்கத்து ஆள்,
ஈஸ்டருக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்.
இதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது.
பானம் உள்ளே கூடாது என்றார்.
புட்டியை வாங்கித் தன் மேசையில்
பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்,
மரியாதையாக,
மூடியை இறுக்கித் திருகி.
நான் பார்க்கவில்லை.

கீழறை. சிவப்புக் கல், மஞ்சள் கல்,
மாறி மாறி வளைவு. கணுக்காலில் குளிர்.
அரசர்கள், பேரரசர்கள்
பலகைக் கல்லுக்கு அடியில்.
ஒருவன் சபை தள்ளிவைத்த நிலையில் செத்தவன்.
மந்திரிக்காத பக்கத்துக் கோயிலில்
பெட்டி ஐந்து வருடம் கிடந்தது,
உள்ளே விடலாம் என்று சொல் வரும்வரை.
ஐந்து வருடம் என்றால்
சுற்றிலும் ஐந்து அறுவடை.
வண்டிகள் அந்தச் சுவரை ஒட்டித்தானே போயிருக்கும்.
பிறகு வேறொரு நூற்றாண்டில் படை வந்து
கல்லைப் பெயர்த்தது, எலும்பைக் கலைத்தது.
திரும்பவும் மூடினார்கள்.
எனக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்துக் கூட்டம்.
ஆசிரியை உதட்டில் விரல் வைத்தாள்.

அப்போது வெடித்தது.

சத்தம் தூண் தூணாகத் தொட்டுக்கொண்டு இறங்கிற்று.
"எழுந்துட்டாங்க" என்றான் ஒரு பையன்.

மேலே ஹின்னெர்க்கின் சட்டையெல்லாம் நுரை.
பதிவேட்டில் அன்றைய பக்கம் ஊறி
க்ராகூவ் குடும்பத்தின் மை
ஒசாகா தம்பதியின் மேல் ஏறியிருந்தது.
மெழுகுவத்திப் பெட்டி வரைக்கும்
புளித்த ஆப்பிள் வாசம்.
துடைப்பத்தோடு வந்த வால்ட்ராவுட் அம்மாள்
முதலில் அவர் கையைப் புரட்டிப் பார்த்தாள்.
காயமில்லை என்றானதும்
சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.
"அக்டோபரில் இந்த ஊரில் எதையாவது
இறுக்கி மூடுவார்களா, மனுஷா?"
பதிவேட்டின் அட்டையில் வழிந்ததை
சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்து,
இன்னும் இரண்டு நாள் போகணும் என்றாள்.

அவர் காது சிவந்துபோய்
சில்லறையை எண்ணி நீட்டினார்.
வேண்டாம் என்றேன்.
பிறகு வாங்கிக்கொண்டேன்.
வாங்காவிட்டால் இரவு தூங்கமாட்டார் என்று பட்டது.

குட்ரூன் கடையை ஏறக்கட்டிக்கொண்டிருந்தாள்.
இரண்டாவது புட்டிக்குக் காரணம் கேட்கவில்லை.

மாலை ரயிலில் எதிர் இருக்கைக்காரர்
அறுவடைக்கு வந்து ஊர் திரும்புகிறவர்,
நகக்கண்ணில் எல்லாம் திராட்சைக் கறை.
ருமேனிய மொழியில் யாரிடமோ போனில்
தணிந்த குரலில் சண்டை.
என் முழங்கால்களுக்கு நடுவில் புட்டி
தன்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டு வந்தது.
அவர் பார்த்தார், பையை நகர்த்தி இடம் விட்டார்,
சண்டையைத் தொடர்ந்தார்.

ரைன் பாலத்துக்குச் சற்று முன் ஒரு வளைவு.
புட்டி சாய்ந்தது.
இரண்டு பேர் கையும் ஒரே சமயத்தில் போயிற்று.